மேல் தாடையை அகலமாக்குதல்: இருபது தாண்டியவர்களுக்கு

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தபோது, வாயைத் திறப்பதற்கு முன் கைபேசியைத்தான் திறந்தார். நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் ஆறு மாதத்தில் மேல் தாடை விரிந்துவிடும் என்று அதில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். “இது உண்மையா டொக்டர்?” என்றார். வயது இருபத்தாறு. கட்டாரில் வேலை. நாற்பது நாள் லீவில் வந்திருந்தார், அதில் ஆறு நாள் போய்விட்டது. கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் அவருடைய மெய்யான கேள்வி வந்தது. மிச்சம் முப்பத்துநான்கு நாளுக்குள் எதையாவது செய்து முடித்துவிட்டுப் போக முடியுமா?

இரண்டுக்கும் இல்லை என்றே சொன்னேன். ஏன் இல்லை என்பதைச் சொல்ல அன்றைக்கு நேரம் போதவில்லை. இந்த அத்தியாயத்தில் அதைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியைப் பாருங்கள்

பனையோலை மூடுபெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி பெட்டியின் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக உட்கார வேண்டும். வாயும் அப்படித்தான். மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைச் சுற்றி ஒரு நூலளவு வெளியே நிற்க வேண்டும். மேல் தாடை ஒடுங்கியிருந்தால் மூடி பெட்டிக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப் பக்கம் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் நிற்கும்.

வெளிச்சத்தில் நின்று, பின்பற்களைக் கடித்தபடி, கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். வாயை மெதுவாக மூடும்போது பற்கள் முதலில் ஒரு இடத்தில் தொட்டு, பிறகு கீழ்த்தாடை ஒரு பக்கம் சறுக்கிப் போய்க் கடிக்கிறதா? அப்படியானால் தாடை இரண்டு பக்கமும் சமமாகவே ஒடுங்கியிருக்கலாம். கீழ்த்தாடை வசதியான இடத்தைத் தேடி ஒதுங்குவதால் ஒரு பக்கக் கோளாறு மாதிரித் தெரிகிறது. பல வருடம் இப்படிக் கடித்தவர்களுக்கு நாடி ஒரு பக்கம் சாய்ந்தது போலவே இருக்கும்.

உயர்ந்து குழிந்த அண்ணம், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் முன்பற்கள், சிரிக்கும்போது உதட்டோரம் தெரியும் கறுப்பு இடைவெளி எல்லாம் துணை அடையாளங்கள். இவை மட்டும் இருந்து கடி சரியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அழகுக்காக மட்டும் எலும்பை வெட்டச் சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை.

குறட்டைக்கும் மூக்கடைப்புக்கும் இது மருந்தா என்று பலர் கேட்கிறார்கள். மேல் தாடையின் கூரைதான் மூக்கின் தரை. ஆகவே தாடை விரிந்தால் மூக்கின் உள்வழியும் கொஞ்சம் விரியும், மூச்சு இலகுவாவதும் உண்டு. ஆனால் பீனிசத்துக்கோ வளைந்த மூக்குத்தண்டுக்கோ இது சிகிச்சை இல்லை. குறட்டைக்காக வருபவர் முதலில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

எலும்பு விரிகிறதா, பல் சாய்கிறதா?

இந்த அத்தியாயத்தில் ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்.

நம் மேல் தாடை பிறக்கும்போது இரண்டு பாதி. அண்ணத்தின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு பொருத்து ஓடுகிறது. சின்ன வயதில் அது ஏறத்தாழ நேர்கோடு. வளர வளர வளைந்து நெளிந்து, இரண்டு கை விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கிறது. பிறகு அங்கங்கே எலும்பு பாலம் போட்டு ஒட்டத் தொடங்கும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்குரூவை வைத்துத் திருகினால் பொருத்து திறந்து இரண்டு பாதியும் விலகும். அதே ஸ்குரூவை முப்பது வயதுக்காரருக்கு வைத்துத் திருகினால் எலும்பு அசையாமல் நின்றுவிடலாம். விசை எங்காவது போக வேண்டும் அல்லவா? பற்கள் வெளிப்பக்கம் சாயும். கன்னப்பக்கம் பல்லின் வேரை மூடியிருக்கும் எலும்பு மிக மெல்லியது. வேர் அதைத் துளைத்துக்கொண்டு வந்தால் முரசு கீழிறங்கி, பல் நீண்டு தெரியும். அகலமானது போல இருக்கும். கருவியைக் கழற்றிய சில மாதத்தில் பாதி திரும்பிவிடும், இறங்கிய முரசு மட்டும் திரும்பாது.

இந்த வித்தை புதியதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்செல் என்ற பல் வைத்தியர் ஒரு பதினான்கு வயதுச் சிறுமியின் பற்களுக்கு இடையே ஸ்குரூ ஒன்றைப் பொருத்தி, இரண்டு வாரத்தில் ஏறத்தாழ கால் அங்குலம் விரித்ததாக 1860இல் எழுதினார். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததைத்தான் எலும்பு விலகியதற்கு ஆதாரமாகக் காட்டினார். சக வைத்தியர்கள் நம்பவில்லை. நூறு வருடம் கழித்து, 1961இல் அன்ட்ரூ ஹாஸ் என்பவர் மறுபடி எடுத்துக் காட்டிய பிறகுதான் அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த முன்பல் இடைவெளி இன்றைக்கும் நமக்கு உதவும் அடையாளம். பின்னால் அதற்கு வருகிறேன்.

எத்தனை வயதில் பொருத்து ஒட்டும்? இங்கேதான் பலரும் தவறு விடுகிறார்கள், வைத்தியர்கள் உட்பட. பெர்ஸன், திலாண்டர் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வயதுப் பெண் ஒருவருக்குப் பொருத்தின் பின்பகுதி ஒட்டியிருந்தது. இருபத்தேழு வயதுப் பெண் இன்னொருவருக்கு அது ஒட்டவே இல்லை. ஆகவே பிறந்த திகதியை வைத்து முடிவு சொல்ல முடியாது. கோன் பீம் ஸ்கான் எடுத்துப் பொருத்தைப் பார்க்க வேண்டும். 2013இல் அஞ்செலியேரி குழுவினர் வகுத்த முறையில் அது ஏ முதல் ஈ வரை ஐந்து படியாகப் பிரிக்கப்படுகிறது. ஏ என்றால் நேர்கோடு, ஈ என்றால் முழுதும் ஒட்டியது. சிகிச்சைக்குப் போகிறவர் தன்னுடையது எந்தப் படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நாக்கை அழுத்தும் வீடியோவுக்கு வருவோம். வளர்ந்தவரின் ஒட்டிய பொருத்தை நாக்கு பிரிக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. அந்தப் பழக்கத்துக்குப் பெயர் தந்த பிரித்தானியப் பற்சீராக்கல் வைத்தியர் மைக் மியூவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க, இரண்டு சிறுவர்களின் சிகிச்சை தொடர்பான விசாரணைக்குப் பிறகு, 2024இல் அந்நாட்டுப் பல் மருத்துவச் சபையின் குழு உத்தரவிட்டது. அமெரிக்காவில் சத்திரசிகிச்சை இல்லாமலே வளர்ந்தவரின் தாடையை வளர்க்கும் என்று சொல்லி விற்ற ஆக்கா என்ற கருவியைப் பற்றி 2023இல் கே.எஃப்.எஃப். ஹெல்த் நியூஸும் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் சேர்ந்து துருவி எழுதின. பற்கள் எலும்பை விட்டு வெளியே தள்ளப்பட்டதாக நோயாளிகள் வழக்குப் போட்டிருந்தார்கள். நான் மேலே சொன்ன அதே சங்கதிதான்.

நான்கு வழி

வித்தியாசம் சிறியது, மேற்பற்கள் உள்பக்கம் சாய்ந்து நிற்பதுதான் கோளாறு என்றால், பல்லுக்குக் கம்பி போட்டு அவற்றை நிமிர்த்தினாலே போதும். அகலக் குறைவு ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் போனால் கம்பி மட்டும் போதாது என்பது பொதுக் கணக்கு. இதில் மாற்றுக் கருத்தும் உண்டு. சிகாகோவின் ஹண்டெல்மன் 2000இல் நாற்பத்தேழு வளர்ந்தவர்களை ஹாஸ் கருவியால் சத்திரசிகிச்சை இல்லாமலே விரித்துக் காட்டினார். ஆனால் அதில் பெரும்பகுதி பல்லும் அதன் வேரைத் தாங்கும் எலும்பும் நகர்ந்ததுதான், நடுப்பொருத்து திறந்ததல்ல. முரசு நலமாக உள்ளவருக்கு, அனுபவசாலியின் கையில், சிறிய அளவுக்கு அது ஒத்துவரலாம்.

இரண்டாவது வழியை மார்பே என்கிறார்கள். அண்ணத்து எலும்பிலேயே பெரும்பாலும் நான்கு சிறு ஸ்குரூக்களை இறக்கி, விரிக்கும் கருவியை அவற்றோடு பூட்டுவது. விசை பல்லுக்குப் போகாமல் நேரே எலும்புக்குப் போகிறது. மரக்கும் ஊசி மட்டும் போதும், வார்ட்டில் படுக்க வேண்டியதில்லை. தென்கொரியாவின் யொன்சே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ குழுவினர் 2010இல் இதை எழுதினார்கள். 2016இல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வில், சராசரி இருபத்தொரு வயதான 69 பேரில் 60 பேருக்குப் பொருத்து பிரிந்தது. நல்ல எண்தான். ஆனால் அவர்கள் இருபத்தொரு வயதுக்காரர்கள். வயது ஏற ஏற, அதிலும் ஆண்களுக்கு, இந்த எண் இறங்கும். நாற்பது வயதுக்காரரிடம் இதே எண்ணைச் சொல்லி உறுதி கொடுப்பவரிடம் இரண்டாவது தடவை யோசித்துப் போங்கள்.

மூன்றாவது சார்பே. விரிக்கத் தடையாக இருக்கும் எலும்புகளை வெட்டித் தளர்த்திவிட்டு, பிறகு ஸ்குரூவால் மெதுவாக விரிப்பது. ஒட்டிவிட்ட பொருத்துக்கு இதுதான் நம்பகமான வழி. இந்த அத்தியாயத்தின் மிச்சம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

மேல் தாடையை அகலமாக்குவதோடு முன்னுக்கோ மேலுக்கோ நகர்த்தவும் வேண்டியிருந்தால், தாடையைத் துண்டுகளாகப் பிரித்து ஒரே சத்திரசிகிச்சையில் எல்லாவற்றையும் செய்வார்கள். இது நான்காவது. ஒரே தடவையில் முடிவது வசதி. ஆனால் அண்ணத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதால் பெரிய அகலத்துக்கு ஏற்றதல்ல, திரும்பிப் போகும் போக்கும் அதிகம்.

வெட்டும் நாள்

ஸ்குரூவோடு கூடிய கருவியை முன்கூட்டியே பற்சீராக்கல் நிபுணர் கடைவாய்ப் பற்களில் ஒட்டிவிடுவார். சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். சுவாசக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகப் போகும், வாய் வேலைக்கு வேண்டுமே. வெட்டு முழுவதும் மேலுதட்டின் உள்பக்கம். முகத்தில் தழும்பு விழாது. உம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான்.

பல் வேர்களுக்கு மேலாக, மூக்குத் துவாரத்தின் விளிம்பிலிருந்து பின்பக்கம் வரை இரு பக்கமும் எலும்பை வெட்டுவார்கள். பிறகு நடு முன்பற்கள் இரண்டின் வேர்களுக்கு இடையே மெல்லிய உளியை வைத்து மெதுவாகத் தட்டுவார்கள். இந்த இடம்தான் கை நிதானம் வேண்டிய இடம். வேர்கள் ஒட்டி நின்றால் ஒரு பல் செத்துப்போகும் வாய்ப்பு உண்டு. சிலர் தாடையின் பின்மூலையையும் விடுவிப்பார்கள், சிலர் விடமாட்டார்கள். அங்கே பெரிய இரத்தக்குழாய் ஓடுவதால் நிபுணர்களுக்குள் அதில் ஒருமித்த கருத்து இல்லை. முடிவில் மேசையிலேயே ஸ்குரூவை ஒரு மில்லிமீற்றர் திருகி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவார்கள்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மேலுதடும் கன்னமும் மரத்தது போல இருக்கும். பெரும்பாலோருக்கு வாரங்களில், சிலருக்கு மாதங்களில் உணர்வு திரும்பும், ஒரு சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். மூக்கால் இரத்தம் கசியும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் மாதங்களில் இது இலேசான காரியம் இல்லை. திகதியைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைத்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் இறங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வெட்டப்பட்ட எலும்புக்குப் பக்கத்திலேயே காற்றறைகள் இருக்கின்றன. முங்கும்போது அழுத்தம் நேரே அங்கே தாக்கும். ஆறு வாரத்துக்குள் தண்ணீருக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டுவிட்டுத்தான். விமானப் பயணத்துக்கும் அப்படியே கேளுங்கள்.

ஒன்று, இரண்டு வாரம் கழித்துக்கூடத் திடீரென்று மூக்கால் அல்லது தொண்டையால் இரத்தம் கொட்டுவது அபூர்வமாக நடக்கும். அப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், தெரிந்தவரின் முச்சக்கரவண்டியைத் தேடவும் வேண்டாம். சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. இந்த இலக்கத்தை எருக்கலம்பிட்டியாருக்கு மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் ஊரை விட்டுப் போன வருடமும் அதுதான். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் சத்திரசிகிச்சை செய்த இடத்தின் பெயரையும் திகதியையும் சொல்லுங்கள். கிளினிக் புத்தகம் கையில் இருக்கட்டும்.

சாவி

ஐந்து முதல் ஏழு நாள் சும்மா இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் புதிய திசு பிடிக்கத் தொடங்கும். பிறகு வீட்டிலேயே திருகல் ஆரம்பம்.

சாவி என்பது ஒரு விரல் நீளக் கம்பி, நுனி வளைந்தது. ஸ்குரூவின் நடு உருளையில் ஒரு சிறு துளை தெரியும். அதற்குள் நுனியை விட்டு, அம்புக்குறி காட்டும் பக்கம், சாதாரணமாக முன்னிருந்து தொண்டைப் பக்கமாக, தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் முழுதாகத் தெரியும் வரை தள்ளினால்தான் ஒரு திருகல் முடிந்ததாகக் கணக்கு. பாதியில் விட்டால் அடுத்த தடவை சாவி நுழையாது. சாவியை வெளியே எடுக்கும்போதும் பின்பக்கமாகவே சரித்து எடுங்கள். முன்னுக்கு இழுத்தால் திருகியது திரும்பிவிடும்.

தானே கண்ணாடியைப் பார்த்துச் செய்வது சிரமம். பாயில் படுத்து, தலையை ஒருவரின் மடியில் சாய்த்து, கைபேசி வெளிச்சத்தில் அவரைத் திருகச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் மனைவிக்குக் கை நடுங்கியது, மாமி திருகினா. சாவியின் கைப்பிடியில் அரை முழம் தங்கூசியைக் கட்டி, மறுமுனையை விரலில் சுற்றிக்கொள்வது நல்லது. தொண்டைக்குள் விழுந்தால் இழுத்துக்கொள்ளலாம். வலைக்குப் போகும் வீட்டில் தங்கூசிக்குப் பஞ்சமா?

ஒரு திருகல் என்பது கால் மில்லிமீற்றர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நாளுக்கு அரை மில்லிமீற்றர். எட்டு மில்லிமீற்றர் வேண்டுமென்றால் பதினாறு நாள். ஒவ்வொரு திருகலையும் சுவர்க் கலண்டரில் கோடு போடுங்கள். “நேற்று இரவு திருகினோமா இல்லையா” என்ற சண்டை எல்லா வீட்டிலும் ஒருநாள் வரும். மறந்துவிட்டால் அடுத்த நாள் நான்காகத் திருகி ஈடுசெய்ய வேண்டாம்.

சில நாளில் நடு முன்பற்களுக்கு இடையே இடைவெளி விழும். பயந்து போய் கிளினிக்குக்கு ஓடி வருகிறார்கள். அது விழாவிட்டால்தான் ஓடி வர வேண்டும். ஸ்குரூ திறந்ததில் ஏறத்தாழப் பாதியளவு அந்த இடைவெளி இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறேழு நாள் திருகியும் இடைவெளி இல்லை, கடைவாய்ப் பல் மட்டும் வலிக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் விரிகிறது என்றால் சாவியைக் கீழே வைத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். மார்பே போட்டவர்களுக்கும் இதே சட்டம்தான்.

அந்த இடைவெளி சில மாதத்துக்குத் தெரியும். முதலில் தானாகக் கொஞ்சம் மூடும், மிச்சத்தைக் கம்பி மூடும். ஆறு மாதத்துக்குள் நிக்காஹ் வைத்திருப்பவர்கள் கல்யாணத்தை முடித்துவிட்டு வாருங்கள். மூக்கின் அடிப்பகுதியும் ஒரு சிறு அளவு அகலமாகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத வைத்தியர் பிறகு ஏச்சு வாங்குவார்.

இன்னொரு சங்கடம் பேச்சு. நம் மொழியில் ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தேடிப் போகும் எழுத்துகள். ஸ்குரூ உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில். முதல் இரண்டு வாரம் ‘வாழைப்பழம்’ வாயில் வழுக்கும். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும், பாங்கு சொல்பவர்களும், குர்ஆன் ஓதிக்கொடுப்பவர்களும் இதைக் கணக்கில் எடுத்து நாளைத் தெரிய வேண்டும். சத்தமாக வாசித்துப் பழகினால் சீக்கிரம் சரிவரும்.

சாப்பாடு முதல் வாரம் கஞ்சி, சூப், பால். பிறகு மசித்த சோறும் முள்ளெடுத்த மீனும், சொதியில் ஊறிய இடியப்பமும். கருவாடும் பனங்கிழங்கும் ஆறு வாரம் பொறுத்திருக்கட்டும். புட்டின் துருவல் கருவிக்குள் புகுந்து உயிரை வாங்கும், வேண்டாம். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள். ரமழானில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுக்காதீர்கள். வெட்டிய வாயோடு பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலும் கொப்பளிக்காமலும் இருப்பது காயத்துக்குக் கூடாது. திருகும் காலம் மட்டும் நோன்புக்குள் வந்துவிட்டால் ஸஹருக்குப் பிறகு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

புகை, வெற்றிலை, புகையிலை மூன்றையும் முன்கூட்டியே விட வேண்டும். எலும்பு ஒட்டுவதைக் கெடுப்பவை அவை. சீனி வியாதிக்காரர்கள் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே மேசையில் ஏறலாம்.

நாற்பது நாள் கணக்கு

கட்டார்த் தம்பி புத்திசாலி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். ஏழு நாள் காத்திருப்பு, பதினாறு நாள் திருகல். “மொத்தம் இருபத்துமூன்று நாள்தானே டொக்டர், லீவுக்குள் முடியுதே!”

விரிப்பது மட்டும்தான் முடிகிறது. விரிந்த நடுவெளியில் அப்போது எலும்பு கிடையாது, இளந்திசுதான் இருக்கிறது. அது எலும்பாகக் கெட்டிப்பட மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அதுவரை ஸ்குரூவைப் பூட்டி, கருவியை அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் கம்பி. கழற்றிய பிறகு இரவில் போடும் பிளேட், அதற்கு முடிவுத் திகதி சொல்ல மாட்டேன். தாடைச் சத்திரசிகிச்சைகளுக்குள் மேல் தாடையை அகலமாக்குவதுதான் திரும்பிப் போகும் ஆபத்துக் கூடியவற்றில் ஒன்று என்று அமெரிக்கப் பற்சீராக்கல் பேராசிரியர் வில்லியம் புரொஃபிட் போன்றவர்கள் பல வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் எருக்கலம்பிட்டிக்காரருக்கு நான் சொல்லும் அறிவுரை கொழும்புக்காரருக்குச் சொல்வதைவிட வித்தியாசமாக இருக்கிறது. எந்த வைத்தியர் திறமையானவர் என்பதோடு, அடுத்த பதினெட்டு மாதம் எந்த வைத்தியரிடம் உங்களால் போய்வர முடியும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தீவிலிருந்து பாலம் தாண்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ32 வீதியால் போகலாம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அது ஒரு நாளில் போய்வரும் தூரமாகிவிட்டது. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலையும் பெரிய இடங்கள். ஆனால் கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். 2015இல் தலைமன்னார் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது உதவிதான், என்றாலும் ஒரு கிளினிக்குக்கு இரண்டு நாள் போய்விடும். திருகும் மூன்று வாரத்திலும் வாரம் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கிவிடுவது நல்லது.

வழி இப்படி. முதலில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்குப் போய்க் கடிதம் வாங்குங்கள். நிபுணர்கள் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். இப்போது எங்கே யார் இருக்கிறார் என்று அங்கே கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பற்சீராக்கல் நிபுணரும் வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்து நாள் குறித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், காத்திருப்போர் பட்டியல் நீளம். பற்சீராக்கலில் பிள்ளைகளுக்கே முன்னுரிமை, அது நியாயம்தான். தனியாரிடம் போவதென்றால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, நிபுணர் தகுதி உள்ளவரா என்று பாருங்கள். செட்டுப் பல் கட்டிக் கொடுப்பவர்கள் சிலர் கம்பியும் போடுகிறார்கள். போட்டதைக் கழற்ற என்னிடம் வருகிறார்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ போய்ச் செய்துகொள்ள நினைப்பவர்கள், அங்கே செய்துவிட்டு வந்த பிறகு இங்கே கம்பியைத் தொடர்ந்து பார்க்க ஒருவரைப் போவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். பாதியில் வந்த இன்னொருவரின் வேலையை ஏற்கப் பலரும் தயங்குவார்கள்.

பிளவு அண்ணத்தோடு பிறந்தவர்கள்

குழந்தையில் அண்ணத்தைத் தைத்தவர்களுக்கு மேல் தாடை ஒடுங்குவது அடிக்கடி நடக்கும். காரணம் பிறவிக் குறையா, தைத்த தழும்பா என்ற கேள்விக்கு உலகத்துக்குப் பதில் சொன்னதில் இலங்கைக்குப் பங்குண்டு. 1980களில் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் வைத்தியசாலையின் மைக்கல் மார்ஸ், தென்னிலங்கையில் காலியை மையமாக வைத்து, சத்திரசிகிச்சையே செய்யாமல் வளர்ந்துவிட்ட பிளவு நோயாளிகளைத் தேடி அளந்தார். அவர்களின் மேல் தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளரும் ஆற்றலோடு இருந்ததை அவரும் ஹூஸ்டன் என்ற ஆய்வாளரும் 1990இல் எழுதினார்கள். தாடையை ஒடுக்கியதில் தழும்புக்குப் பெரிய பங்கு என்பது அதில் தெரிந்தது. அதற்காகத் தைக்காமல் விட முடியாது, பேச்சு போய்விடும். இப்படிப்பட்டவருக்கு அண்ணத்தின் நடுவில் எலும்பே இல்லாதிருக்கலாம். ஆகவே இந்த அத்தியாயத்தின் கணக்குகள் அவருக்குப் பொருந்தாது. அவர் பிளவுக்கென்று உள்ள குழுவிடம்தான் போக வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள்

முப்பத்தைந்து, நாற்பது வயதில் இந்தக் கோளாறோடு வருபவர்களிடம் சின்ன வயதில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பேன். இந்த ஊர்க்காரர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டு வள்ளமேறிக் கற்பிட்டிப் பக்கம் போனவர்கள், அல்லது அப்படிப் போனவர்களுக்கு முகாமில் பிறந்தவர்கள். எட்டு வயதில் கிடுகுக் கொட்டிலில் இருந்த பிள்ளையின் அண்ணத்தை யார் பார்த்திருப்பார்கள்? அந்த வயதில் சில மாத ஸ்குரூவோடு முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு இப்போது உளியும் மயக்க மருந்தும் வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா, மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிக்கிறதா என்று இன்றிரவு பாருங்கள். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கின்றன. சந்தேகம் இருந்தால் இந்தத் தவணை விடுமுறைக்குள் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.